அம்சவேணியின் கதவு எண்

ஆகஸ்ட் 22, 2012, புதன்

பஸ் பாடி கட்டும் பட்டறையின் வலைத்தளம் ஒருவழியாக முடிந்தது. முடிந்தது என்று போன மாதமே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். தளத்தைத் திறந்ததும் ஏர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. வேண்டாம் என்று சொல்லப் பயந்துகொண்டு வைத்துக்கொடுத்தேன். பெங்களூரில் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து திறந்திருக்கிறார். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். இன்று ஹாரனை எடுத்தேன்.

அச்சகத்தில் டிடிபி வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இதற்கு முன்னால் செய்தது திரைச்சீலை ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் தளம். என் கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது, அவர்களுடையதில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. எதை உடைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

நளினி சிரிக்கிறாள். "போன் அடிச்சா எடுக்கோணும். அதுக்கு எதுக்கு மூஞ்சி இப்படிப் போவுது?" பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள். கல்யாணமான நாளிலிருந்தே என் பயம் அவளுக்கு விளையாட்டாக இருக்கிறது.

செப்டம்பர் 3, திங்கள்

தாமோதரன் அண்ணன் வந்தார். ஜவகர் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரும் நண்பர்களும் சேர்ந்து ரத்ததானக் குழு ஒன்று நடத்துகிறார்கள், அவர்தான் செயலாளர்.

"கிருபா, ரத்தம் கேட்டு எல்லா போனும் என்ற நம்பருக்குத்தான் வருது. நானு நோட்டப் பொரட்டறதுக்குள்ள அங்க ஆளே போயிருது. நெட்டுல போட்டுட்டா அவங்களே பாத்துக் கூப்ட்டுக்குவாங்கல்ல?"

முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு என்னிடம் வந்திருக்கிறார்கள். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன். துணிப்பை நிறைய விண்ணப்பத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். முகாம்களில் ரத்தம் கொடுத்தவர்கள் கையால் எழுதியவை.

செப்டம்பர் 9

மின்வெட்டு. இரண்டு மணி நேரம் இருக்கிறது, இரண்டு மணி நேரம் போகிறது. மொத்தம் 412 தாள். 270 அடித்துவிட்டேன். சிலருடைய கையெழுத்தைப் படிப்பதற்குள் யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிடுகிறது.

செப்டம்பர் 12

தட்டச்சு முடிந்தது. பெயர், ரத்த வகை, போன் எண் மூன்றும் போதும் என்றுதான் அண்ணன் சொன்னார். எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதையும் படத்தையும் சேர்த்தது என் யோசனை. முகாமில் எடுத்த படங்களிலிருந்து முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி வைத்தால் பக்கத்துக்கே ஒரு களை வந்துவிடுகிறது. சான்றிதழ் அனுப்புவதற்காகத் தாளில் கதவு எண்ணும் தெருவும்கூடக் கேட்டிருக்கிறார்கள். இருப்பதை ஏன் விட வேண்டும் என்று அதையும் அடித்து வைத்தேன். தளத்தில் மட்டும் காட்டவில்லை. அட்டவணை அகலம் போதவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

கண்ணாடிக்கடையில் வைத்துத் தொடக்கம். ரவாலாடு, டீ. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயரும் போன் எண்ணும் வீட்டு முகவரியும் வருகிற மாதிரி செய்திருக்கிறேன். நளினி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 18

குளித்தலைப் பக்கம் ஒரு பிரசவ கேஸ். பி நெகடிவ். எங்கள் தளத்தைப் பார்த்து நேராகப் போன் செய்து ஆளைப் பிடித்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். அண்ணன் போனில் சொன்னதை நளினியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 20

யார் பெயரைக் கூகுளில் அடித்தாலும் எங்கள் பக்கம்தான் முதலில் வருகிறது. அபூர்வமான பெயர் என்றால் அது ஒன்றுதான் வருகிறது. பத்துப் பதினைந்து பெயரைப் போட்டுப் பார்த்தேன். படத்தோடு, போன் எண்ணோடு வருகிறது. இதற்குப் பெரிய கம்பெனிகளில் தனியாக ஆள் வைத்திருப்பார்களாம்.

செப்டம்பர் 24, திங்கள்

தளத்தின் வழியாக ஐந்து கடிதங்கள். மூன்று பாராட்டு. ஒன்று எண் தவறாக இருப்பதாக, திருத்திவிட்டேன். ஒன்று தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி. அம்சவேணி, வெங்கமேடு, ஓ நெகடிவ். திரைச்சீலைக் கம்பெனி ஒன்றில் துணி சோதிக்கும் பிரிவில் வேலை. அங்கே நடந்த முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அண்ணனிடம் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 25

அண்ணன், "ஓ நெகடிவ்வாச்சே கிருபா, கெடைக்கறதே அபூர்வம். பொம்பளைங்களுக்குக் கூச்சமா இருக்கும். பத்து நாள் போவட்டும்" என்றார். பெயரை நீக்குவதற்கு நான் வசதியே வைக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சேர்ப்பதற்கு மட்டும்தான் பொத்தான் இருக்கிறது. எடுப்பதென்றால் உள்ளே போய்க் கையால் எடுக்க வேண்டும், போன முறை அப்படிக் கைவைத்தபோது முழு அட்டவணையும் காலியானது. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 28

அதே அம்சவேணியிடமிருந்து இன்னொரு கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருக்கிறார். தயவுசெய்து உடனே எடுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று. இந்த வாரத்துக்குள் செய்துவிடுவதாகப் பதில் போட்டேன்.

செப்டம்பர் 30

பகலில் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. சுண்ணாம்பு அடித்தோம்.

அக்டோபர் 3, புதன்

சேலத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அக்காவுக்கு ஆபரேஷன், ஓ நெகடிவ் ரத்தம் அவசரமாம். தளத்தில் இருக்கிற எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறதாம். ரொம்பத் தன்மையாகப் பேசினார். என்னால் முடிந்த உதவியைச் செய்தேன். மாலையில் நளினிக்குச் செருப்பு வாங்கப் போனோம்.

அக்டோபர் 4, வியாழன்

காலை பதினொன்றரை இருக்கும். அதே சேலத்துக்காரர்.

"ரொம்ப நன்றி சார். வீட்டக் கண்டுபிடிச்சிட்டேன். பூட்டியிருக்கு. வேலைக்குப் போயிருப்பா போல. பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு உங்க லிஸ்ட்ல இருக்குமா சார்?"

எந்தப் பாப்பா என்று கேட்டேன்.

"எம் பொண்ணு சார். யாழினி. ஒண்ணாவது படிக்கணும் இப்ப."

போனை வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது, எடுக்கவில்லை. அம்சவேணியின் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எழுதிய இரண்டாவது கடிதத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியில் ஒரு வரி இருக்கிறது. 'யாருக்கும் தெரியாமல் பெண் குழந்தையோடு இருக்கிறேன் சார்.' அந்த வரியை அன்று படித்த ஞாபகம் இல்லை என்று எழுத நினைத்தேன். படித்தேன். படித்துவிட்டுத்தான் இந்த வாரத்துக்குள் என்று பதில் போட்டேன்.

விண்ணப்பத் தாளில் கம்பெனியின் பெயர் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஈரோடு ரோட்டில் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று தோன்றியது. போய் என்ன சொல்வது?

வாட்ச்மேன் உள்ளே சொல்லியனுப்பினார். கால் மணி நேரம் கழித்து வந்தார். படத்தில் இருப்பதைவிட ஒல்லி, முப்பது வயது இருக்கலாம். தலையில் பஞ்சுத்தூசி. நான் யார் என்று சொல்லி, ஒருவர் வீட்டைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். அழவில்லை. கத்தவில்லை. சுவரில் ஒரு கையை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

"எத்தன மணிக்குப் பேசுனாரு?"

"பதினொன்னரைங்க."

"வீட்டு வாசல்ல நின்னுட்டா பேசுனாரு?"

"ஆமாங்க."

"ஸ்கூலு தெரியுமா அவருக்கு?"

"தெரியாதுங்க. என்கிட்ட கேட்டாரு."

"நீங்க சொன்னீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க."

கேட்டபடியே முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. வண்டியில் ஏற்றிக்கொண்டேன். தலைமை ஆசிரியையிடம் பேசி, பின்பக்கத்துக் கேட் வழியாகப் பிள்ளையை அழைத்துவந்தார். பாதி சாப்பாட்டில் எழுப்பியிருப்பார்கள், வாயோரத்தில் தயிர்ச்சோறு ஒட்டியிருந்தது. பிள்ளை எதுவும் கேட்கவில்லை. அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தது, செருப்பை இறுக்கி மாட்டிக்கொண்டது. இப்படிக் கிளம்புவது அதற்குப் பழக்கம்போல.

பஸ் நிலையத்துக்கு வெளியே நிறுத்தச் சொன்னார். மாற்றுத் துணிகூட இல்லை, மதியச் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேங்க" என்றார். "நெட்டுல வெங்கமேடுன்னு மட்டுந்தான போட்டிருந்துச்சு? வீடு எப்படித் தெரிஞ்சுது?"

தெருவில் யாரையாவது விசாரித்திருப்பார் என்றேன். அப்படியும் இருக்கலாம்.

"நாங்க எந்த பஸ்ல ஏறறோம்னு பாக்காம போங்க" என்றார். நான் சரி என்று திரும்பினேன். வண்டியை எடுக்கும்போது பார்த்துவிட்டேன். பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அக்டோபர் 5

தளத்தை முழுவதுமாக மூடிவிட்டேன். அண்ணனிடம் பழுது என்று சொன்னேன். ஆனால் கூகுளில் அம்சவேணி என்று அடித்தால் பழைய நகல் இன்னும் வருகிறது. வட்டத்துக்குள் அந்த முகம். எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். சில நாள் ஆகுமாம். எங்கோ ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தால் சன்னல் திறந்து கிடக்கிற மாதிரி இருக்கிறது.

மாலையில் வெங்கமேடு போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பூட்டு உடைந்து கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரம்மா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். சின்ன டிவி, தட்டு, பிள்ளையின் ஸ்லேட்டு எல்லாம் கூடத்தில் கிடந்தன. மெத்தையைக் கிழித்திருக்கிறான்.

"புருஷன்னு சொன்னாரு. பேசறப்ப அத்தன மரியாதையாப் பேசுனாருங்க. தண்ணி குடுங்கம்மான்னு வாங்கிக் குடிச்சுட்டு, டம்ளரக் கழுவி வெச்சாரு. அப்புறம் உள்ள போயித்தான் இத்தனையும்."

அம்சவேணி வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்து விவரம் கேட்டாராம், மகளிர் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டாராம். யார் நான் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். தண்ணீர்க் கணக்கு எடுக்க வந்ததாக ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, சனி

எங்கள் வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை. அதன் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பேப்பர் படிக்கிறார்.

யாராகவும் இருக்கலாம்.

அக்டோபர் 7

இன்றும்.

அக்டோபர் 8, திங்கள்

பதினான்கு முறை போன். கடைசியில் எடுத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் அவரும் காதில் போன் வைத்திருக்கிறார்.

"சார், நான் குணசீலன். பயப்படாதீங்க. உங்க அட்ரஸ்தான் ஒவ்வொரு பக்கத்துலயும் போட்டிருந்தீங்களே, அதான் நேர்ல வந்தேன். வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டு அவ கம்பெனிக்கு வெள்ளிக்கிழம போனேன். வாட்ச்மேன் சொன்னாரு, பைக்ல ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போனாருன்னு. வண்டி நம்பரும் சொன்னாரு. உங்க வாசல்ல நிக்கற வண்டிதான். எங்க விட்டீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

தெரியாது என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"பரவால்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

சன்னலைச் சாத்தினேன். புழுக்கத்தில் வியர்த்து வழிந்தது, திறக்கத் துணியவில்லை. பின்பக்கமாகப் போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் நின்றேன். அம்சவேணி எத்தனை வருடம் இப்படி நின்றிருப்பார்?

அக்டோபர் 9

நளினி பள்ளியிலிருந்து வந்து பையை வைத்தாள். "எதுத்தாப்ல உக்காந்திருக்காரே, அவரு என்கிட்ட எத்தன மணிம்மான்னு கேட்டாருங்க. கையில வாட்ச் கட்டிருக்காரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. யார் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நாளைக்கு லீவு போடு என்றேன். எதற்கு என்றாள். தலைவலி என்றேன். யாருக்கு என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 10, புதன்

லீவு போடாமல் போய்விட்டாள். பத்து மணிக்குக் குணசீலன் கதவைத் தட்டினார். திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். தட்டிக்கொண்டே இருந்தார், சத்தமில்லாமல், ஒரே அளவாக. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று திறந்தேன்.

செருப்பை வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதுலதான் செய்வீங்களா சார்? நல்லாச் செஞ்சிருந்தீங்க. ரெண்டு வருஷமாத் தேடறேன். போலீஸ், சொந்தக்காரங்க, ஜோசியர், எல்லாருகிட்டயும் போயாச்சு. அவ பேர சும்மா ஒருநாள் கம்ப்யூட்டர்ல போட்டேன். முதல்ல வந்து நிக்கறா. போட்டோவோட."

நான் மானிட்டரை அணைத்தேன்.

"நீங்கதான சார் மொதல்ல சொன்னீங்க. வீடு சொன்னவரு, இப்ப ஊர் சொல்றதுக்கு ஏன் யோசிக்கிறீங்க?"

"அன்னிக்கு ரத்தம்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "கதவு நம்பர் குடுத்தது நீங்கன்னு அவளுக்குத் தெரியுமா சார்? உங்க வீட்டம்மாவுக்கு? போலீஸ்ல நானே சொல்லட்டுமா, நீங்க குடுத்துத்தான் வந்தேன்னு? நாளைக்கு வரேன். ஊர் பேரு மட்டும் போதும்."

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி அவர் கேட்டதும் நான் கம்ப்யூட்டரைத் திறந்து, அம்சவேணியின் பெயரைத் தேடி, கதவு எண்ணையும் தெருவையும் படித்துச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார், ரேஷன் கடைக்குப் பின்னால் என்று நானே யோசித்துச் சொன்னேன். நன்றி என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பஸ்ஸின் ஊர்ப்பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. அவரைவிட எனக்கு என் வாய்மேல்தான் பயமாக இருக்கிறது. இன்று ஒரு நிமிடம், சொல்லிவிட்டால் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை, அதற்கும் குறைவு. ஆனால் நினைத்தேன்.

மாலை

நளினி வந்ததும் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்கள், கதவு எண், பஸ் நிலையத்தில் சொன்ன பொய், இன்று வந்து போனது. அவள் அரிந்துகொண்டிருந்த பீர்க்கங்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"அந்தாளு டைம் கேட்டன்னிக்கே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னைய தனியா அந்த வழியா ஸ்கூலுக்கு அனுப்பிச்சீங்க."

லீவு போடச் சொன்னேனே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சேலையை மாற்றினாள். "கெளம்புங்க. நாளைக்கு அவரு வர்றதுக்குள்ள போயிச் சொல்லிப்போடோணும். அப்புறம் உங்கள மெரட்டறதுக்கு அவருகிட்ட என்ன இருக்கு?" என்றாள். பின்பக்கச் சந்து வழியாக நடந்து, பெரிய ரோட்டில் ஆட்டோ பிடித்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். ஆட்டோவில் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என் கை நடுங்குவதைப் பார்த்து, அதன்மேல் தன் பையை வைத்தாள்.

எஸ்.ஐ. அம்மா முழுவதையும் கேட்டார். கதவு எண் கொடுத்ததைச் சொல்லும்போது பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். அம்சவேணி எங்கே போனார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுங்க. ஆனா அவங்களக் கேக்காம சொல்ல மாட்டேங்க."

சொல்லிவிட்டு, போலீசிடமா இப்படிப் பேசினோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர், "சொல்லாதீங்க. எங்ககிட்ட அவங்க நம்பர் இருக்கு" என்றார்.

அக்டோபர் 11

காலை ஒன்பதேகாலுக்கு அந்த சைக்கிள் கடைப் பெஞ்சிலேயே பிடித்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒரு ஜீப். குணசீலன் எதிர்த்துப் பேசவில்லை. பேப்பரை மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். ஏறுவதற்கு முன்னால் எங்கள் சன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்.

சன்னலை விட்டு நகர முடியாமல் நின்றேன். பெஞ்ச் காலியாக இருந்தது. அரை மணி நேரம் கழித்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12, வெள்ளி

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அம்சவேணியும் வந்திருந்தார். வேறு சேலை, யாரோ கொடுத்தது, ரவிக்கை பொருந்தவில்லை. பிள்ளையைக் கூட்டிவரவில்லை.

எஸ்.ஐ. அம்மா வாசித்துக் காட்டினார். கதவு எண் வந்த இடத்தில் அம்சவேணி என் பக்கம் திரும்பினார். வாசித்து முடித்ததும் கேட்டார்.

"நான் மெயில் போட்டனே, ரெண்டு தடவ. படிச்சீங்களா?"

"படிச்சேங்க."

"யாரும் படிக்கறதில்ல, மெஷின்தான் பதில் போடுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சது கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சுங்க." நிறுத்தினார். "ரத்தம் வேணும்னு கேக்கறவரு ஆஸ்பத்திரிக்குத்தான வரச்சொல்லுவாரு. வீடு எதுக்குன்னு கேக்கத் தோணலீங்களா உங்களுக்கு?"

தோன்றவில்லை என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க. இன்னும் நெட்டுல எம் மூஞ்சி வருது. ஊர்ல இருக்கற எல்லாரும் பாக்கலாம். மொதல்ல அத எடுங்க."

இவ்வளவு பேசியும் அவர் குரல் ஒரே அளவாகத்தான் இருந்தது. கை மட்டும் முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பயம் ஐந்து நாள். அவருக்குத் திருமணம் ஆன நாளிலிருந்து.

அக்டோபர் 15

பழைய நகல் இன்னும் வருகிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறேன்.

அக்டோபர் 17

இன்னும்.

அக்டோபர் 19

எழுத்து போய்விட்டது. படம் மட்டும் தனியாக வருகிறது. மறுபடி விண்ணப்பம்.

அக்டோபர் 22

காலை ஆறேமுக்காலுக்குப் பார்த்தேன். இல்லை. நளினியின் கைப்பேசியில் பார்த்தேன், பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன், அச்சகத்தில் பழைய நண்பனின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். எங்கும் இல்லை. எஸ்.ஐ. அம்மாவிடம் சொல்லி அவருக்குத் தெரிவிக்கச் சொன்னேன்.

நவம்பர் 5

தாமோதரன் அண்ணன் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். "பத்து நாள் போவட்டும்னு சொன்னது நாந்தான" என்றார்.

தளத்தைப் புதிதாகச் செய்கிறேன். யாருடைய பெயரும் இல்லை. என்ன ரத்தம் வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பவர்கள் எழுத வேண்டும். அது குழுவுக்குப் போகும், குழுதான் கொடையாளியைக் கூப்பிடும். மறுபடியும் எல்லா போனும் அண்ணனுக்குத்தான். இந்த முறை நீக்குவதற்கான பொத்தானை முதலில் செய்தேன். அதை அறுபது தடவையாவது சோதித்திருப்பேன். கதவு எண்கள் இருந்த கோப்பை அழித்தேன், தாள்களை அண்ணன் கண்முன்னே கிழித்தேன்.

நவம்பர் 21

குணசீலனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. சேலத்தைவிட்டு வரக்கூடாது என்று நிபந்தனை. நேற்று எஸ்.ஐ. அம்மாதான் போன் செய்து சொன்னார், ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். அம்சவேணி அந்த ஊரிலிருந்தும் வேறெங்கோ போய்விட்டாராம். எங்கே என்று அவர் சொல்லவில்லை. என் நாக்கில் இருந்த ஊருக்கு இனி மதிப்பில்லை. பல நாள் கழித்து நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நளினி இப்போதெல்லாம் வீட்டுக்குள் வந்ததும் சன்னல் திரையை விலக்கி ஒருமுறை பெஞ்சைப் பார்க்கிறாள். நான் அதைக் கவனிப்பது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 30

கல்யாணத் தகவல் மையம் ஒன்றுக்குத் தளம் வேண்டுமாம். பெண்களின் படம், வேலை பார்க்கிற இடம், வீட்டு முகவரி எல்லாம் திறந்தவுடன் தெரிய வேண்டும் என்றார் மையக்காரர். அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேறு ஆளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 14, வெள்ளி

பிற்பகல் மூன்று மணி. தெரியாத எண். இப்போதும் போன் அடித்தால் நெஞ்சு ஒரு முறை நின்றுதான் ஓடுகிறது. நாலாவது மணியில் எடுத்தேன்.

"நான் அம்சவேணி பேசறேங்க. காயின் போன்லருந்து."

எழுந்து நின்றுவிட்டேன்.

"இப்பத்தான் ஒரு கடையில நெட்டுல பேரப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் வரலீங்க. நெசமாலுமே போயிருச்சா, இல்ல எனக்குத்தான் பாக்கத் தெரியலையா?"

"போயிருச்சுங்க. நான் தெனமும் பாக்கறேன்."

"இப்ப ஒரு தடவ பாக்கறீங்களா? நான் லைன்ல இருக்கேன்."

கரண்ட் இருந்தது. உட்கார்ந்து அவர் பெயரை அடித்தேன். ஆங்கிலத்தில் மூன்று விதமாக, தமிழில் ஒரு தடவை, படங்களில் ஒரு தடவை. நான் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். காசு போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இல்லீங்க. எங்கயும் இல்ல."

பெருமூச்சு விட்டார். "யாழினி கேட்டுட்டே இருக்கா, இந்த ஸ்கூல்ல போட்டோ எடுத்தா நிக்கலாமாம்மான்னு. என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. நெட்டில் போடுவார்களா என்று ஸ்கூலில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், போடுவதாக இருந்தால் நிற்க வேண்டாம் என்றேன். சரி என்றார்.

அவர் பஸ் நிலையத்தில் நிற்கிறார்போல. பின்னால் இன்ஜின் சத்தம், சுண்டல் விற்கிறவன் குரல். திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தார்கள். அடுத்து ஊர்ப்பெயர் வரும்.

போனைக் காதிலிருந்து எடுத்துத் தொடையில் கவிழ்த்து அழுத்திக்கொண்டேன். மனசுக்குள் இருபதுவரை எண்ணினேன். இன்னும் ஒரு பத்து எண்ணினேன்.

திரும்பக் காதில் வைத்தபோது அவர் இருந்தார்.

"கேட்டுதுங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"இல்லீங்க."

மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம், "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

உண்மையாகவே எனக்குக் கேட்கவில்லை.